மயக்கமா, வீடு வரையா?

‘மயக்கமா கலக்கமா’, ‘வீடு வரை உறவு’ என்ற இரண்டு சினிமாப் பாட்டில் எது பிடிக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டுமே 1962-இல் வந்தவை. எழுதியவர் நம்ம சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன்.

‘வீடு வரை உறவு’ எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின் பாட்டு. டி.எம்.எஸ். குரலோடு திண்ணையில் தொடையைத் தட்டித் தாளம் போடுவார். செத்த பிறகு கூட வருபவர்களின் தூரத்தை, மனைவிக்கு வீதி, பிள்ளைக்குக் காடு என்று அளக்கும் பாட்டு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் எங்கள் காரைக்குடி வீட்டில், பின்கட்டிலிருந்து வீதிக்கு வருவதே ஒரு நடைதான்! “விளக்கு வைக்கிற நேரத்துல இந்தப் பாட்டா?” என்று அப்பத்தா ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

‘மயக்கமா கலக்கமா’ வேறு ரகம். பி.பி. ஸ்ரீனிவாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுவார். ஆனால் உனக்கும் கீழே கோடிப் பேர் என்ற ஆறுதல் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. அடுத்தவர் கஷ்டத்தைக் காட்டியா என்னைத் தேற்றுவது? சரி, வேலை போன மாதம் திரும்பத் திரும்பக் கேட்டது என்னவோ இதைத்தான்.