கணுக்காலில் சென்சாரோடு கடலூரும் புதுச்சேரியும்

எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனக்கு வந்து பல வருடம் ஆகிறது. மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடுகிற நோய். எனக்கு அது வலது காலைப் பிடித்தது. களைப்பு ஏறினால் பாதம் தொங்கிவிடும், விரல் தரையில் இடறும். பாரிஸ் பக்கம் எனக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் நடையை அளக்கும் சென்சார் கொடுத்து, ஊரிலும் ஒரு வாரம் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு மஞ்சக்குப்பத்து அம்மா வீட்டுக்கு வந்தபோது அப்படியே செய்தேன். எம்.எஸ். உள்ளவர்கள் கடலூர், புதுச்சேரி பக்கம் வந்தால் நடைக்கு என்ன வசதி கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்சார் மொத்தம் மூன்று, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. இரண்டு கணுக்காலிலும் ஒவ்வொன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று. உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் கால் எப்போது எழும்புகிறது, எப்போது தரையைத் தொடுகிறது, எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். அதை வைத்து அடியின் நீளம், வேகம், இடது வலது வித்தியாசம், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருக்கும் நேரம். ஒரு கால் தரையைத் தொட்டதிலிருந்து அதே கால் மறுபடி தொடும் வரை ஒரு சுற்று; நல்ல நடையில் அந்தச் சுற்றில் அது ஏறத்தாழ 20 சதவீதம்தான். விழுந்துவிடுவோமோ என்று பயந்து நடக்கிறவர்களுக்கு அது கூடிவிடும்.

இத்தனை எதற்கு என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். எம்.எஸ். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்ல உலகம் முழுக்கப் பயன்படுவது, ஜான் கர்ட்ஸ்கே என்ற நரம்பியல் மருத்துவர் 1983-இல் வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல். 0 முதல் 10 வரை போகும். அதில் 4-க்கு மேல் 7 வரை பெரும்பாலும் நடக்கிற தூரத்தை வைத்தே முடிவாகிறது. கைத்தடியோ ஒரு பக்கத் துணையோ வைத்துக்கொண்டு சுமார் 100 மீட்டர் நடந்தால் 6. ஆனால் அந்தத் தூரத்தை எல்லா இடத்திலும் நடக்க வைத்துப் பார்ப்பதில்லை. "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்பார்கள், நாமும் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லுவோம். நல்ல நாளில் ஒரு பதில், மோசமான நாளில் வேறு பதில்.

புதுச்சேரியில் நான் போன பிசியோதெரபி கிளினிக் சின்ன இடம். முன்பக்கம் மெத்தைக் கட்டில், பின்பக்கம் நீண்ட வராந்தா. அங்கிருந்த தம்பிக்கு எம்.எஸ். பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது. சென்சாரைப் பார்த்ததும் முதல் வேலையாக டேப் எடுத்து வராந்தாவில் 25 அடி அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். அதாவது 7.62 மீட்டர். பத்திரமாக, முடிந்த வேகத்தில் நடக்க வேண்டும், ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பார்கள். எம்.எஸ். மருத்துவத்தில் எங்கும் செய்கிற சோதனைதான் இது. "அக்கா, கோட்டுல வந்து நிக்காதீங்க, தாண்டிப் போங்க" என்றார். கோட்டைக் கண்டதும் நாம் வேகத்தைக் குறைத்துவிடுவோம், கணக்கு கெட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரியில்கூட இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

காலை ஒன்பது மணிக்கு 7.4 வினாடி வந்தது. மதியம் வெயிலில் கடைக்குப் போய்விட்டு மூன்று மணி வாக்கில் திரும்பவும் வந்து நடந்தேன், 9.6. இந்தச் சோதனையில் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றம் வந்தால் உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் நான் ஒரே நாளில் மோசமாகிவிட்டேன்! நோய் முற்றவில்லை, உடம்பு சூடானது, அவ்வளவுதான். உறை இழந்த நரம்பில் உடம்பின் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி தடைபடும், குளிர்ந்தால் திரும்பிவிடும். உடம்பை வருத்தி வேலை செய்த பிறகு எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பார்வை தற்காலிகமாக மங்குவதை வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார்; சூடுதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் மதியம் எடுத்த நேரத்தைத் தை மாதக் காலையில் எடுத்ததோடு ஒப்பிட்டு மருந்தை மாற்றினால் என்ன ஆகும்? நம் ஊரில் இதை எல்லாருமே யோசிக்க வேண்டும்.

வேறோர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். 'நடைப் பகுப்பாய்வு' என்று பெரிதாகப் போர்டு வைத்திருந்தார்கள். டிரெட்மில்லில் ஏற்றி, பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சில நிமிஷம் வீடியோ எடுத்து, கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். பில் மட்டும் கனம். எல்லாம் நார்மல் என்று இருந்தது. கம்பியைப் பிடித்தால் பாதித் தள்ளாட்டம் தெரியாது, ஓடுகிற பெல்ட் வேறு காலை இழுத்துக்கொடுக்கும். களைப்பு வருமா, எப்போது வரும் என்று ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்தத் தாளை நம்பி ஒருவர் கைத்தடியை வேண்டாம் என்று விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

சென்சாரின் அருமை வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. மேடு பள்ளம் இல்லாத நேரான சாலை, கடல்காற்று, நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். காந்தி சிலையிலிருந்து மெதுவாக நடந்தேன். முதல் சில நிமிஷம் அடி நீளமாக, ஒரே சீராகப் பதிவாகியிருந்தது. போகப் போக வலது கால் வீச்சு குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் இடறலும் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவே இல்லை, பேசிக்கொண்டு நடந்தேன். 25 அடி வராந்தாவில் இது எப்படித் தெரியும்?

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் வேறு கதை. பாதம் தொங்காமல் இருக்க நான் போடும் ஸ்பிளின்ட் செருப்போடு சேர்ந்தது. வாசலில் இரண்டையும் கழற்றினால் வெறுங்காலோடு, சுடுகிற கல் தளத்தில், புடவைக் கொசுவம் தடுக்க நடக்க வேண்டும். அடியின் நீளம் சட்டென்று குறைந்திருந்தது, இரண்டு காலும் தரையில் நிற்கும் நேரம் கூடியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துப் பாரிஸ் டாக்டர், இது நோயா, கல்லா, புடவையா என்று கேட்டார். நல்ல வேளையாகக் குறித்து வைத்திருந்தேன். வெறுங்கால் நடையும் செருப்பு நடையும் நம் ஊரில் ஒரே நாளில் மாறி மாறி வரும். ஷூ போட்ட நடையை மட்டும் பார்த்துச் செய்த கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல், கையில் கட்டும் சாதாரண வாட்ச் மெதுவாக இழுத்து இழுத்து நடக்கிற அடிகளைப் பல நேரம் விட்டுவிடும், ஆட்டோவில் குலுங்கினால் சில சமயம் அதையும் அடி என்று எண்ணும். எம்.எஸ். நடைக்கு அதை நம்பிக் காசு போட வேண்டாம்.

வியர்வையில் ஒட்டுப் பிளாஸ்திரி நிற்கவே இல்லை. மஞ்சக்குப்பத்தில் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் சொன்னேன். பருத்தித் துணியில் பட்டை தைத்து, உள்ளே சென்சாருக்கு ஒரு பையும், முனையில் வெல்க்ரோவும் வைத்துக் கொடுத்தார். கடைசி வரை நழுவவில்லை.

கிளினிக்கில் பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவரைப் பார்த்தேன், அவருக்கும் எம்.எஸ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் இருக்கிறது. ஆனால் சான்றிதழுக்குப் போன அன்று காலையில் நன்றாக நடந்துவிட்டார், சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு அவர் சுவரைப் பிடித்து நடப்பதை நான் பார்த்தேன். அவருக்குத்தான் இந்த சென்சார் என்னைவிட அதிகம் தேவை. ஒரு வாரப் பதிவு கையில் இருந்தால் அவர் வாதாட வேண்டியதில்லை.

புதுச்சேரியில் பார்த்த நரம்பியல் டாக்டர் அக்கறையாகப் பார்த்தார். ஆனால் வெளியே கூட்டம் காத்திருக்க, பல பக்க ரிப்போர்ட்டைப் புரட்ட அவருக்கு நேரம் ஏது? "மூணு நம்பர் சொல்லுங்கம்மா போதும்" என்றார். நடை வேகம், இரண்டு காலும் தரையில் நிற்கும் நேரம், இடது வலது வித்தியாசம் மூன்றையும் காலை, மாலை என்று பிரித்துப் பிசியோ தம்பி ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் ஸ்பிளின்ட்டை மாற்றச் சொன்னார் டாக்டர். கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், படித்துச் சொல்ல இப்படி ஒருவர் ஊரில் வேண்டும்.

வருகிறவர்கள் முடிந்தால் மார்கழி, தையில் வாருங்கள். விமான நிலையச் சோதனையில் காட்ட டாக்டர் கடிதம் எடுத்து வாருங்கள். சென்சார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்டாப்வாட்சும் டேப்பும் உள்ள நல்ல பிசியோ போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, வெயில் எப்படி, செருப்பா வெறுங்காலா என்ற நான்கையும் நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.