பாபின் லேஸுக்கு லினனா, பருத்தியா?

பாபின் எனும் சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றி, திண்டில் குண்டூசி குத்தி, நூல்களை மாற்றிமாற்றிப் பின்னுவதுதான் பாபின் லேஸ். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த லேஸ் வேலை, பின்னர் அவர் மகள் எலைசா கால்டுவெல் மூலம் இடையன்குடிக்கும் போனது. அந்தப் பக்கத்துப் பாட்டிமார் கைவேலையைப் பார்த்து ஆசைப்பட்டு, இங்கே சிங்கப்பூரில் பாபினைக் கையில் எடுப்பவர்கள் முதலில் கேட்பது நூலைப் பற்றித்தான்.

பருத்தி சுலபம். டிஎம்சி என்ற பிராண்ட் மாதிரி நல்ல நூல் கைவேலைக் கடைகளிலேயே கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். லேஸுக்கான லினனையோ, அதாவது ஆளிச் செடியின் நாரில் நூற்ற நூலையோ, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். தபால் செலவுக்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி வேறு. அப்படியிருந்தும் லினன்தான் என் கட்சி. பருத்தி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். குண்டூசிகளை எடுத்ததும் லேஸ் துவண்டுவிடும். லினன் இழுபடாது. இறுக்கிய பின்னல் இறுக்கிய இடத்திலேயே நிற்கும், கஞ்சியும் தேவைப்படாது.

வாங்கும்போது நம்பரில் ஏமாந்துவிடாதீர்கள். 60/2 என்றால் 60ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது. ஆனால் லினனுக்கு ஒரு பவுண்டு எடை இழையில் எத்தனை 300 கெஜம் என்று கணக்கு. பருத்திக்கு எத்தனை 840 கெஜம் என்று. அதனால் லினன் 60/2 ஒரு கிராமுக்குச் சுமார் 18 மீட்டர், பருத்தி 60/2 சுமார் 51 மீட்டர். பருத்திக்கு வரைந்த பின்னல் மாதிரியை அதே நம்பர் லினனில் பின்னினால் இடம் போதாமல் முட்டிக்கொள்ளும்.

லினனுக்குள் பார்த்தால், ஸ்வீடனின் பாக்கென்ஸ் பிராண்ட் 60/2 நடுத்தரக் கனம், புதியவர் கைக்கு அடங்கும். 80/2 இன்னும் மெல்லியது, அழகுதான், ஆனால் அவசரக் கைக்கு அறுந்துபோகும். மூன்று இழை நூல் உருண்டையாக இருக்கும், பின்னல் தெளிவாக எழும். அடர்ந்த பூ வேலைக்கு எனக்கு அது கொஞ்சம் கனம்.

எந்த லினன் நூலானாலும் ஒரு சாண் வெட்டி, முறுக்கைப் பிரித்து மெல்ல இழுங்கள். நீளநீளமாக நார் பிரிந்து வந்தால் நல்ல ஆளி நார். பஞ்சாகத் துண்டுதுண்டாக வந்தால் கழிவு நாரில் நூற்றது, வேண்டாம். அப்புறம் நகத்துக்கிடையில் ஓட்டிப் பாருங்கள். அங்கங்கே லேசான தடிப்பு லினனின் சுபாவம். ஒவ்வொரு விரற்கடைக்கும் தடிப்பு தட்டுப்பட்டால் அந்தச் சுருளை விட்டுவிடலாம். பளீர் வெள்ளையைவிட அரை வெளுப்புக்கே என் ஓட்டு, வெளுக்க வெளுக்க நார் பலம் குறையும்.

நம் ஊர்க் காற்று லினனுக்குத் தோது. ஃப்ளாண்டர்ஸில் மிக மெல்லிய நூலை ஈரமான நிலவறைகளில்தான் நூற்றார்கள். காய்ந்தால் அது முறியும். ஆகவே ஏர்கானை அணைத்துவிட்டுப் பின்னுங்கள். அதே ஈரத்தில் சாதா இரும்புக் குண்டூசி துருப்பிடித்து லேஸில் கறை இறக்கும், பித்தளைக் குண்டூசியே வாங்குங்கள்.