லீஸுக்கு வீடு பார்க்கிறவங்க கவனத்துக்கு: 8 லட்சம் மாட்டிக்கிச்சு

சென்னையில லீஸுக்கு வீடு தேடுறவங்க இதைப் படிச்சுட்டுப் பணம் கொடுங்க. தங்கச்சி குடும்பம் ஒரு ஓனர்கிட்ட 8 லட்சம் கொடுத்துட்டு, இப்போ கேட்டில் வங்கி ஒட்டின நோட்டீஸைப் பார்த்துக்கிட்டு நிக்குது. எப்படித் தப்பிக்கிறதுன்னு கடைசியில சுருக்கமா சொல்றேன்.

வீடு கிடைச்சது ஒரு வீட்டு வாடகை ஆப்ல. 'ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டவை'ன்னு பச்சை டிக் வேற. அதுக்கு சர்வீஸ் சார்ஜும் வாங்கிட்டாங்க. ஓனர் வில்லங்கச் சான்றை பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தயாரா வெச்சிருந்தார். பக்கம் பக்கமா சுத்தமான சான்று, ஆனா தேடின காலம் 2018 டிசம்பரோட முடியுது. அவர் கடன் வாங்கினது 2019ல. ஒரிஜினல் பத்திரம் எங்கேன்னு கேட்டதுக்கு, "பேங்க்ல பத்திரமா இருக்கு தம்பி"ன்னார். அது மட்டும் உண்மை!

கேட்டில் ஒட்டினது சர்ஃபேசி சட்டம் (கடன் கட்டாதவங்க அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கிற சட்டம்) 13(4) பிரிவுப்படி சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுக்குதுன்னு அறிவிப்பு. அதுக்குள்ள இன்னொரு தேதி இருக்கும், அதைப் பாருங்க: 60 நாள்ல கடனைக் கட்டச் சொல்லி ஓனருக்கு அனுப்பின 13(2) நோட்டீஸ் தேதி. இங்கே அது ஜூன் மாசம். லீஸ் போட்டது ஆவணியில. நோட்டீஸைக் கையில வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் மனுஷன் 8 லட்சத்தை எண்ணியிருக்கார். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியோட எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம வீட்டை வாடகைக்கோ லீஸுக்கோ விடக் கூடாதுன்னு 13(13) சொல்லுது. அப்படி விட்டா வங்கி முன்னாடி அந்த ஒப்பந்தம் நிக்காது.

அடமானத்துக்கு முன்னாடியே பதிவு செஞ்ச ஒப்பந்தத்தோட குடியிருந்தா, அந்தக் காலம் முடியற வரைக்கும் வங்கி சும்மா காலி பண்ண வைக்க முடியாது. பதிவில்லாத ஒப்பந்தமோ வாய்மொழியோ ஆனா, ஒப்பந்தம் போட்ட தேதியிலேருந்தோ குடி வந்த தேதியிலேருந்தோ ஒரு வருஷத்துக்கு மேல கேட்க முடியாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அடமானத்துக்குப் பிறகு குடி வந்திருந்தா சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவைப் பார்ப்பாங்க: நியாயமான வாடகை இருக்கணும், மொத்தத் தொகை வாங்கக் கூடாது, முன்பண வாடகையும் கூடாது. நம்ம ஊர் லீஸே மொத்தத் தொகைதானே! அங்கேயே அடிபடுது. மாச வாடகைக்காரங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஆப்ல கேட்டா, "நாங்க இணைச்சு வைக்கிறவங்க மட்டும்தான் சார்"னு சொல்லிப் புகாரை முடிச்சுட்டாங்க. பச்சை டிக்குக்கு அர்த்தம் ஓனரோட ஆதார் சரியா இருக்குன்னு மட்டுமாம். வங்கியில "உங்க பேர் எங்க ஃபைல்லயே இல்லையே". ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்". ஓனர் முதல்ல "ஓடிஎஸ் பேசிட்டிருக்கேன், அடுத்த வாரம் முடிஞ்சிடும்"னார் (ஓடிஎஸ்னா ஒரே தடவையில பணம் கட்டிக் கடனை முடிக்கிற சமரசம்), இப்போ போனே எடுக்கறதில்லை. 8 லட்சம் சார், 8 லட்சம்!

அடுத்து வங்கி 14ஆவது பிரிவுல மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கும். வக்கீல் கமிஷனர் போலீஸோட வந்து சீல் வைப்பார்.

விவரமா எழுத நேரமில்லை, அவசரத்துக்கு இது. பதிவுத்துறை இணையதளத்துல இன்னிக்குத் தேதி வரைக்கும் வில்லங்கம் நீங்களே போட்டுப் பாருங்க, ஓனர் கொடுக்கிற தாளை நம்பாதீங்க. எம்ஓடி (பத்திரத்தை வங்கியில அடமானமா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) பதிவு இருந்து, அதுக்கு ரத்து ரசீது இல்லைன்னா கடன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அப்படி இருந்தா வங்கியோட எழுத்துபூர்வ சம்மத லெட்டர் இல்லாம பைசா கொடுக்காதீங்க. நோட்டீஸ் ஒட்டியிருந்தா தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு, 45 நாளுக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போங்க. வாடகைதாரரும் போகலாம், சர்ஃபேசி சட்டம் 17(4ஏ) பிரிவு. வாடகையைத் தங்களுக்கே கட்டச் சொல்லி வங்கி எழுத்துல கேட்டா அங்கேயே கட்டி ரசீது வாங்குங்க, ஓனர் பிறகு அதே வாடகையைக் கேட்க முடியாது. ஓனர் மேல பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318ல மோசடிப் புகார் தனியா கொடுங்க. ஏலத்துல கடன் போக மிச்சம் வந்தா அது ஓனர் கைக்குப் போயிடும்; அதுக்கு முன்னாடி சிவில் கோர்ட்ல பணத்துக்கு வழக்குப் போட்டு அந்த மிச்சத்தை ஜப்தி பண்ணக் கேளுங்க. நாங்க இப்போ அந்த மனுவைத்தான் தயார் பண்ணிட்டிருக்கோம்.