எனிடெஸ்க்கா, குயிக் அசிஸ்ட்டா, குரோமா, எதுவுமே வேண்டாமா? பெற்றோரின் கருவிகளுக்கான ஒப்பீடு

சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள். இந்த வகைக் குறுஞ்செய்தி 2022இல் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு வந்தது. பதறிப்போய் அழைத்தவர்களிடம் எதிர்முனையில் இருந்தவர் எடுத்த எடுப்பில் பெரிய தொகை எதையும் கேட்கவில்லை. தொலைவிலிருந்தே நம் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். எனிடெஸ்க்காக இருக்கும், அல்லது டீம்வியூவரின் குயிக்சப்போர்ட்டாக இருக்கும். திரையில் தெரியும் எண்ணை வாசிக்கச் சொல்லி, சரிபார்ப்பதற்காக 10 ரூபாய் மட்டும் கட்டச் சொன்னார். அந்த 10 ரூபாய்க்காகத் தட்டச்சு செய்யும் அட்டை எண், நெட் பேங்கிங் கடவுச்சொல், மேலே வந்து விழும் ஓடிபி எல்லாமே அவர் முன்னாலும் ஓடிக்கொண்டிருந்தன.

எனிடெஸ்க் வழியாக யுபிஐ கணக்குகள் சூறையாடப்படுவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. ஆனால் எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் திருட்டு மென்பொருள்கள் அல்ல. இரண்டுமே ஜெர்மனியில் உருவான முறையான தயாரிப்புகள். தென்காசியில் இருக்கும் அப்பாவின் பிரிண்டரை பெங்களூரில் இருந்தபடி மகள் சரிசெய்வதும் இவற்றால்தான். அதனால்தான் "எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்ற ஒற்றை வரி அறிவுரை பல வீடுகளில் எடுபடுவதில்லை.

வேகம், படத் தெளிவு, விலை ஆகியவற்றை வைத்து இந்தக் கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளம். நான் பார்ப்பது வேறொன்றை. நாம் உண்மையாக உதவும்போது அப்பா அம்மாவிடம் என்ன செய்யச் சொல்கிறோம்? "ஆப்பைத் திறங்கள், அந்த ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்கள், இப்போது ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துங்கள்." ஏமாற்றுக்காரன் சொல்வதும் எழுத்துப் பிசகாமல் இதையேதான். ஒவ்வொரு முறை உதவும்போதும் அவனுக்காக நாமே ஒத்திகை நடத்திக் கொடுக்கிறோம். ஆகவே எந்த ஏற்பாட்டில் நம் உதவியும் அவன் மோசடியும் ஒன்றுபோல் தெரியாதோ, அதுவே எனக்குச் சிறந்த ஏற்பாடு.

இந்தக் கோலால் அளந்தால் முதலில் அடிபடுவது விண்டோஸுடனேயே வரும் குயிக் அசிஸ்ட். பயன்படுத்த இதைவிட எளிமையான கருவி இல்லை. உதவுபவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டைப் பெறுகிறார். பெற்றோர் அதைத் தட்டச்சு செய்து அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். குறியீடு 10 நிமிடத்தில் காலாவதியாகும். மவுஸைக் கையில் எடுக்க உதவுபவர் தனியாக இன்னோர் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் யார் வரலாம் என்று முன்கூட்டியே வரையறுத்து வைக்க வீட்டுக் கணினியில் வழியில்லை. குறியீடு யார் கையில் இருக்கிறதோ அவரே உதவியாளர். 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டே ஒரு கும்பலைப் பற்றி எழுதியது: தொழில்நுட்ப உதவி ஊழியர்போலத் தொலைபேசியில் பேசி, குயிக் அசிஸ்ட் வழியாக உள்ளே வந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிளாக் பாஸ்டா என்ற பிணைத்தொகை நிரலை இறக்கியது அந்தக் கும்பல். பயன்படுத்தாத இடங்களில் குயிக் அசிஸ்ட்டை நீக்கிவிடும்படி அந்த நிறுவனமே அறிவுறுத்தியது. பெற்றோரின் கணினியில் அதை நீக்கிவிடுவதே என் கருத்தும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் ஒரு விஷயத்தில் குயிக் அசிஸ்ட்டைவிட மேல். இரண்டிலும் அனுமதிப் பட்டியல் உண்டு. மகளின் எண்ணை மட்டும் அதில் சேர்த்துவிட்டால் வேறு யார் தட்டினாலும் அழைப்பு உள்ளே வராது. எனிடெஸ்க்கில் இன்னொன்றையும் நான் கட்டாயம் அணைக்கச் சொல்வேன்: கணினி உரிமையாளரின் திரையைக் கறுப்பாக்கும் அந்தரங்கப் பயன்முறை. இது எதற்குப் பயன்படுகிறது என்பதை அமெரிக்க முதியவர்களைக் குறிவைத்து இந்தியாவிலிருந்து நடந்த போலி அழைப்பு மையங்கள் காட்டின. உங்களுக்கு 300 டாலர் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி உள்ளே வருவார்கள். திரை சில நொடிகள் கறுப்பாகும். அந்த இடைவெளியில் உலாவியில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தின் எண்களை மாற்றி எழுதிவிடுவார்கள். திரை திரும்பும்போது கணக்கில் 30,000 டாலர் வந்திருப்பதாகத் தெரியும். "ஐயோ, தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், மீதியைத் திருப்பித் தாருங்கள்" என்று அழுவார்கள். வங்கியில் ஒரு காசும் கூடியிருக்காது. பயத்தால் அல்ல, இரக்கத்தால் தங்கள் சேமிப்பை எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட மையங்களின் மீது மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் 2023 அக்டோபரில் மத்திய புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது.

அனுமதிப் பட்டியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. எனிடெஸ்க்கை நிறுவாமலேயே, பதிவிறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்து ஓட்டலாம். "இது பழைய பதிப்பு, புதியதை இறக்குங்கள்" என்று ஏமாற்றுக்காரனின் குரல் சொன்னால், நாம் பூட்டிய பிரதி ஓரமாக இருக்க, பூட்டில்லாத புதுப்பிரதி ஓடும். விண்டோஸில் பெற்றோருக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு கொடுத்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டும் நிறுவலாம் என்ற அமைப்பையும் இயக்கினால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும்.

வீட்டுக் கணினிக்கு நான் முதலிடம் தருவது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதிலும் அதன் இரண்டு வழிமுறைகளில் ஒன்றுக்கு மட்டும். 12 இலக்கக் குறியீட்டை வாசித்துச் சொல்லும் முறையும் அதில் இருக்கிறது. குறியீடு 5 நிமிடமே செல்லும், 30 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரலாமா என்று திரை கேட்கும். பாதுகாப்பாகத் தெரிந்தாலும் அதுவும் அதே ஒத்திகைதான், வேண்டாம். ஊருக்குப் போகும்போது அந்தக் கணினியை உங்கள் கூகுள் கணக்குடன் இணைத்து, ரகசிய எண் (PIN) ஒன்றை வைத்துவிட்டு வாருங்கள். பிறகு நீங்கள் உள்ளே வர அப்பா எதையும் திறக்க வேண்டாம், எந்த எண்ணையும் வாசிக்க வேண்டாம். அதன் பிறகு வீட்டில் ஒரே ஒரு விதியைச் சொன்னால் போதும்: "உங்களிடம் எண் கேட்பவர் நாங்கள் இல்லை." இது 75 வயதிலும் நினைவில் நிற்கும். உங்கள் கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அப்பாவின் சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கணினி அறிவுள்ள குடும்பமாக இருந்தால் ரஸ்ட்டெஸ்க் என்ற திறமூலத் தொலை உதவி மென்பொருளைச் சொந்த சர்வரில் ஓட்டலாம். பொது சர்வரில் இருப்பவர் அந்தக் கணினியை எட்டவே முடியாது. ஆனால் அந்த சர்வரைப் பராமரிப்பவர் ஒருவர் எப்போதும் வேண்டும்.

கடைகளின் கதை வேறு. பில்லிங் மென்பொருள் சர்வீஸ்காரரும் ஆடிட்டர் அலுவலகமும் எனிடெஸ்க் அல்லது அல்ட்ராவியூவர் வழியாகத்தான் வருகிறார்கள். தடை போட்டால் வியாபாரம் நின்றுவிடும். மொத்தத் தடை எப்படி முடியும் என்பதற்குப் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனம் 2017 மார்ச்சில் சாட்சியானது. மோசடியைத் தடுக்கத் தன் இணையச் சேவையில் டீம்வியூவரை அடைத்தது. முறையாகப் பயன்படுத்திய வாடிக்கையாளர்கள் குரலெழுப்ப, விரைவிலேயே திறந்துவிட்டது. கடைக்காரர்களுக்கு நான் சொல்வது, பில் போடும் கணினியில் நெட் பேங்கிங்கைத் திறக்கவே கூடாது என்பதுதான். சர்வீஸ்காரர் அழைத்தால் வைத்துவிட்டு, ரசீதில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

போனுக்கு வருவோம். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை: பெற்றோரின் ஆண்ட்ராய்டு போனில் தொலை உதவிச் செயலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கணினியைப்போல் அல்லாமல், சிம், யுபிஐ, ஓடிபி மூன்றும் கூடியிருக்கும் இடம் அது. எனிடெஸ்க் வெறுமனே பார்ப்பதோடு நில்லாமல் போனை இயக்கவும் வேண்டுமென்றால், கூடுதல் இணைப்பு ஒன்றை நிறுவி ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதி கேட்டு யார் அழைத்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

இதற்கு மாற்றாக வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 2023 ஆகஸ்டில் வந்த திரைப் பகிர்வு போதும். நீங்கள் பார்க்கலாம், தொட முடியாது. "மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி இருக்கிறது பாருங்கள்" என்று சொல்ல, அம்மாவே அழுத்துவார். மோசடிக்காரர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அறிமுகமில்லாதவருடன் திரையைப் பகிரும்போது எச்சரிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆண்ட்ராய்டு 15இல் திரைப் பகிர்வின்போது ஓடிபி அறிவிப்புகள் மறைக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 16இல், தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்ணுடன் பேசிக்கொண்டிருக்கும்போது அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுப்பது தடுக்கப்படுகிறது. புதுப் போன் வாங்கித் தருவதற்குக் கேமராவைவிட இது வலுவான காரணம்.

இவை எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாள் ஏமாற்றுக்காரனின் குரல் வென்றுவிட்டால்? அப்போது தாங்கி நிற்பது வங்கிக் கணக்கின் அமைப்பு மட்டுமே. அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கணக்கு. யுபிஐ அதனுடன் மட்டும் இணைந்திருக்கட்டும். ஓய்வூதியச் சேமிப்பும் வைப்புத்தொகையும் இருக்கும் கணக்குக்கு நெட் பேங்கிங் வேண்டாம். பதிவு எண்ணாக வீட்டில் இருக்கும் பட்டன் போனின் எண்ணைக் கொடுங்கள். அந்த சிம் ஸ்மார்ட்போனில் இல்லாதவரை அந்தக் கணக்குக்கு அந்தப் போனில் யுபிஐ தொடங்க முடியாது. நெட் பேங்கிங் வழியாக வைப்புத்தொகையை முன்கூட்டியே உடைத்து எடுத்துச் சென்ற மோசடிகளும் நடந்திருப்பதால் இதை வலியுறுத்துகிறேன். கார்டின் இணையப் பயன்பாட்டை நிறுத்தி வைக்கவும் உச்சவரம்பு வைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. மென்பொருள் ஒப்பீட்டில் ஒரு மணி நேரம் செலவிட முடிந்தால், அதில் பாதியை வங்கிக் கிளையில் செலவிடுங்கள்.

பணம் போய்விட்டால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பகிர்ந்து நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. ஆகவே வெட்கப்பட்டு இரவு முழுக்க மௌனமாக இருப்பதுதான் மிக விலையுயர்ந்த தவறு. முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில், ஆளில்லாத நேரத்திலும் நுழைவதற்கான கடவுச்சொல்லை அவர்கள் வைத்துவிட்டுப் போயிருக்கக்கூடும். அந்தச் செயலியையும், அதே நாளில் நிறுவப்பட்ட மற்றவற்றையும் நீக்கிய பிறகே கணினியை மறுபடி இணையத்தில் இணைக்க வேண்டும்.