கார் செட்டு ஓகே, பட்டன்கள்தான் படுத்துகின்றன

பழைய ஆல்ட்டோவுக்கு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு புளூடூத் செட்டு வாங்கி மாட்டினேன். கம்பெனி பேர் வேண்டாம். இதே முகம் வேறு வேறு பேரில் கடைக்குக் கடை இருக்கிறது. கொடுத்த காசுக்குச் சத்தம் நன்றாகவே இருக்கிறது. வம்பெல்லாம் பட்டன்களில்தான்.

வால்யூம் குமிழுக்கு முழு மார்க். ரோட்டைப் பார்த்தபடியே கை போய்ப் பிடித்துக்கொள்ளும். அதையே அமுக்கினால் பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ், ஃபேடர் என்று வரிசையாக வரும். பேலன்ஸ் இடம் வலம், ஃபேடர் முன் பின். என் வண்டியில் பின்னால் ஸ்பீக்கர் கிடையாது. பையன் ஃபேடரைப் பின்பக்கம் தள்ளிவிட்டு இறங்கினால் செட்டு ஊமையாகிவிடும். ரிப்பேர் கடைக்கு ஓடுமுன் அதைப் பாருங்கள்.

1 முதல் 6 வரை உள்ள பட்டன்கள் குன்றிமணி அளவு. ரேடியோ ஓடும்போது நீட்டி அமுக்கினால் ஸ்டேஷன் பதிவாகும். பென்டிரைவ் போட்டால் அதே பட்டன்கள் ரிப்பீட், ரேண்டம், பத்துப் பாட்டுத் தாவல் என்று மாறிவிடும். ராத்திரியில் எண்ணுக்கு மட்டும்தான் வெளிச்சம். பக்கத்தில் பொடியாக அச்சடித்த வேலைப் பெயருக்குக் கிடையாது.

மாட்டிய அன்று 93.5, 98.3 கணீரென்று வந்தன. 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் கரகரத்தன. ஆன்டெனா போச்சு, மாத்திடலாம் சார் என்றார் ஃபிட்டர். ஆன்டெனா நன்றாகத்தான் இருந்தது. செட்டு அமெரிக்க செட்டிங்கில் வந்திருந்தது. அங்கே எஃப்எம் ஸ்டேஷன்கள் புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படையில்தான். அதனால் 101.3-லிருந்து நேரே 101.5-க்குத் தாவுகிறது. குமிழை நீட்டி அமுக்கி, மெனுவில் ஏரியாவை ஐரோப்பாவுக்கு மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது. கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

டிஏ என்று ஒரு பட்டன் வேறு. ஐரோப்பாவில் டிராஃபிக் அறிவிப்பு வரும்போது பாட்டை நிறுத்திவிட்டு அதைச் சொல்வதற்கு. இங்கே கை பட்டுவிட்டால் இல்லாத ஸ்டேஷனைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தனிப் பட்டன் உண்டு, மியூட்டுக்கு இல்லை! போலீஸ்காரர் கை காட்டினால் குமிழைத்தான் திருகவேண்டும்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். மஞ்சள் ஒயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு. இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவியில் கொடுத்துவிட்டால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் பதிவு செய்த ஸ்டேஷன்கள் அழிந்துவிடும்.

பகல் ஓட்டத்துக்குத் தாராளமாக வாங்கலாம். ராத்திரி ஓட்டுகிறவர்கள் கடையிலேயே செட்டைக் கையால் மறைத்து, இருட்டில் எந்தப் பட்டன் தெரிகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.