யோக் பட்டன்களை "புரோகிராம்" செய்து தருகிறேன் என்றவரிடம் 4,500 ரூபாய் இழந்தேன்

வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள், முக்கியமாகப் பழைய யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடிக் கருவி) வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள். அந்த ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. என்ன சொல்லி வாங்கினார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அதே பேச்சோடு இன்னொருவர் உங்களிடம் வரலாம்.

நான் வாங்கியது சைடெக் நிறுவனத்தின் பழைய யோக்கும் த்ராட்டிலும் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்), சேர்த்து 12,000 ரூபாய். பொருளில் குறை எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இதன் கைப்பிடியில் ஒரு மோட் சுவிட்ச் இருக்கிறது, எம்1, எம்2, எம்3 என்று மூன்று நிலை. அதை வைத்து ஒரே பட்டனுக்கு மூன்று வேலை கொடுக்கலாம் என்பதுதான் என் ஆசை: ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ராக்கர் (இரு பக்கமும் அழுத்தும் பட்டன்) ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின் மடிப்பை, நகர்த்த வேண்டும், மேலே போனதும் அதே ராக்கர் ஆட்டோபைலட் ஹெடிங்கை, அதாவது தானியங்கி ஓட்டத்தின் திசையை, திருப்ப வேண்டும், மூன்றாவது நிலையில் ரேடியோ. விற்றவரே, "அண்ணே, 4,500 கொடுங்க, மூணு லேயரும் எழுதி யோக்குக்குள்ளேயே ஏத்திடறேன், எந்த கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் ஓடும்" என்றார். பணத்தை அனுப்பினேன். ரிமோட்டில் என் கணினிக்குள் வந்து நாற்பது நிமிடம் எதையெதையோ செய்துவிட்டு, முடிந்தது என்றார்.

இங்கேதான் முதல் பொய். இந்த யோக்குக்குள் எதையும் ஏற்ற முடியாது, அதில் நினைவகம் கிடையாது. எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது கணினிக்குச் சொல்லும், அந்தப் பட்டனுக்கு என்ன அர்த்தம் என்பது முழுக்க முழுக்கக் கணினியில் இருக்கும் மென்பொருளின் பாடு. விகேபி மாதிரி சில நிறுவனங்களின் கருவிகளில் அமைப்பை உள்ளேயே சேமிக்க முடியும், அதனால் கேட்கும்போது நம்பும்படிதான் இருக்கும். தங்கை மகனின் லேப்டாப்பில் யோக்கை மாட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

என் கணினியில் நடந்தது அதைவிட மோசம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் கிங் ஏர் விமானத்தை எடுத்துக்கொண்டு சென்னையின் 25 ஓடுபாதைக்குக் கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன், உயரம் 1,500 அடி இருக்கும். சக்கரங்களை இறக்கும் கியர் பட்டனை அழுத்தினேன். லீவர் கீழே போனது, போன வேகத்திலேயே மேலே திரும்பிவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் கீழே, உடனே மேலே. சக்கரம் இறங்கிவிட்டது என்று காட்டும் மூன்று பச்சை விளக்கு வரவே இல்லை. ஒரு சுற்று சுற்றி வந்து விசைப்பலகையில் ஜி அடித்துத்தான் இறங்கினேன். இறங்கியதும் மோட் சுவிட்சை எம்2-க்குத் தள்ளி ராக்கரை அசைத்தேன், ஃப்ளாப் நகர்ந்தது. எம்3-இலும் ஃப்ளாப்.

அவரிடம் கேட்டால், "சிம் அப்டேட் ஆயிடுச்சு அண்ணே, திரும்ப எழுதணும், 1,500 ஆகும்" என்றார். அந்த வாரம் எந்த அப்டேட்டும் வரவில்லை. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து அவர் என்ன செய்திருக்கிறார் என்று நானே தேடினேன்.

அவர் போட்டிருந்தது எஃப்எஸ்யுஐபிசி7, யோக் பட்டன்களுக்கு சிமுலேட்டரில் வேலை கொடுக்கும் மென்பொருள். நல்ல மென்பொருள், பல வருடமாக சிமுலேட்டர்காரர்கள் நம்புவது. அதன் அமைப்பெல்லாம் ஐஎன்ஐ என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். திறந்தேன். ஜாய்ஸ்டிக் பெயர்கள் இருக்கும் பகுதியில் என்னிடம் இல்லாத இரண்டு கருவிகளின் பெயர்கள், அதாவது வேறு யாருடைய கோப்பையோ எடுத்து அப்படியே என் கணினியில் ஒட்டியிருக்கிறார். பட்டன் பகுதியில் இருந்ததெல்லாம் "இந்தப் பட்டன் அழுந்தினால் இதைச் செய்" என்ற வெறும் வரிகள். மோட் சுவிட்ச் வேலை செய்ய வேண்டுமென்றால் நிபந்தனை வரி வேண்டும். சுவிட்ச் எம்2-இல் நிற்கும்போது விண்டோஸுக்கு அது அழுந்தியே இருக்கும் ஒரு பட்டன், ஆகவே "அந்தப் பட்டன் அழுந்தியிருந்தால் மட்டும் இந்த ராக்கர் ஹெடிங்கை நகர்த்து" என்று எழுத வேண்டும். கோப்பில் அவை சிபி என்ற எழுத்துகளோடு வரும். அப்படி ஒரு வரிகூட இல்லை. மூன்று லேயருக்குப் பணம் வாங்கியவர் சுவிட்சைத் தொடவே இல்லை!

கியர் ஏன் துள்ளியது என்பதும் அப்போது புரிந்தது. எஃப்எஸ்யுஐபிசியிலும் கியர், சிமுலேட்டரின் கண்ட்ரோல் பக்கத்திலும் அதே பட்டனுக்குக் கியர், இரண்டிலும் அவரே வைத்திருக்கிறார். ஒரு அழுத்தலுக்கு இரண்டு கட்டளை போனால் கியர் இறங்கி ஏறத்தான் செய்யும். யாராவது உங்கள் யோக்கை அமைத்துத் தந்தால் இந்த இரட்டைக் கட்டளையைத்தான் முதலில் பாருங்கள், ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றில் அழித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது, எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். எஃப்எஸ்யுஐபிசியில் பட்டன்களுக்கு வேலை கொடுக்கப் பதிவு செய்த உரிமம் வேண்டும், அதற்குப் பெயர், மின்னஞ்சல், விசை மூன்றும் பொருந்த வேண்டும். என் கணினியில் இருந்த பெயர் என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. யாரோ காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை எனக்கு விற்றிருக்கிறார். அதை அன்றைக்கே நீக்கிவிட்டு என் பெயரில் வாங்கினேன். அவர் வைத்துவிட்டுப் போன ரிமோட் செயலியில் நான் இல்லாமலே உள்ளே வருவதற்கான கடவுச்சொல்லும் அப்படியே இருந்தது. இதுபோல யாரையாவது உள்ளே விட்டிருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் வீடியோ அழைப்பில் ஒன்றைக் கேளுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஜாய் டாட் சிபிஎல் என்று அடித்தால் கேம் கண்ட்ரோலர் ஜன்னல் வரும், அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வட்டம். மோட் சுவிட்சை மூன்று நிலைக்கும் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு வட்டம் எரிய வேண்டும், நடுவில் அணைந்து அணைந்து வரக் கூடாது. அப்புறம் சிமுலேட்டரைத் திறந்து, மூன்று நிலையிலும் ஒரே பட்டனை அழுத்தி மூன்று வேலையைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் அதைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நானே எழுதியபோது இரண்டு சாயங்காலம் ஆனது. அதில் பாதி நேரம் ஒரு சின்ன விஷயத்தில் போனது: விண்டோஸ் ஜன்னல் பட்டன்களை 1-இலிருந்து எண்ணுகிறது, எஃப்எஸ்யுஐபிசி 0-விலிருந்து. ஜன்னலில் பார்த்த எண்ணில் ஒன்றைக் கழித்து எழுதுங்கள். இப்போது எம்2-இல் ராக்கர் ஹெடிங்கைத் திருப்புகிறது, கியர் ஒரே அழுத்தலில் இறங்கி நிற்கிறது.

ஐஎன்ஐ கோப்பின் படத்தையும், எந்த வரி இல்லை என்பதையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 4,500-ஐத் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். இதே யோக் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் எழுதிய வரிகளைத் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம், பட்டன் எண்களை மட்டும் உங்கள் ஜன்னலில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.