தமிழ் அனிமேவும் தடுமாறும் அட்டவணையும்: வேலூர் கேபிளில் ஒரு பார்வை

காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் கேபிளில் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், பார்க்கிற வீடுகளுக்கு இப்போது மொழி குறையில்லை. நருட்டோ என்ற பெயர்பெற்ற நிஞ்ஜா தொடரே 2022இல் தமிழ் பேசிக்கொண்டு வந்துவிட்டது. டப்பிங்கும் காது கூசாமல் கேட்கும்படி இருக்கிறது. குறை எல்லாம் நேரத்தில்தான். எந்த எபிசோட் எப்போது வரும் என்று தெரியாமல் தொடர்கதை பார்க்க முடியாது.

இந்தியாவில் அனிமேக்ஸ் 2017 ஏப்ரல் 18 அன்று நின்று, அந்த இடத்தில் சோனி யாய் என்ற சிறுவர் சேனல் வந்தது. முழுநேர அனிமே சேனலுக்கு இருந்த ஒழுங்கு பெரிது. ஆசிய அனிமேக்ஸ், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பிரதர்ஹுட்டை ஜப்பானில் தொடங்கிய அதே வாரத்தில், 2009 ஏப்ரலில், காட்ட ஆரம்பித்தது. சிறுவர் சேனல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தனித்தனிக் கதையாக ஓடும் டோரேமானை எப்படிப் போட்டாலும் ஓடும். அதே கையோடு தொடர்கதையையும் போட்டால், இன்று 40ஆவது எபிசோட், நாளை 12 என்று ஆகிவிடுகிறது. செட்டாப் பாக்ஸின் நிகழ்ச்சிப் பட்டியலில் எபிசோட் எண் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். தொடரின் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கத்தரி. கேபிள் டிவி விதிப்படி விளம்பரமும் சொந்த முன்னோட்டமும் சேர்த்து மணிக்கு 12 நிமிடம் வரைதான். அரை மணிக்கு 6. மீதி 24 நிமிடம். அனிமே எபிசோடும் ஏறக்குறைய 24 நிமிடம்தான். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது ஒன்றரை நிமிடத் தொடக்கப் பாட்டையும், அதே நீள முடிவுப் பாட்டையும் வெட்ட என்ன தேவை? சில தொடர்களில் முடிவுப் பாட்டுக்குப் பின்னாலும் ஒரு காட்சி இருக்கும். பாட்டோடு அதுவும் போய்விடும். இடைவேளையும் இப்படித்தான். எபிசோடின் நடுவில் அதற்கென்றே தொடரின் பெயரோடு சில நொடி வந்துபோகும் சின்ன அட்டைப் படம் ஒன்று வைத்திருப்பார்கள். விளம்பரத்தை அங்கே விடாமல் சண்டை நடுவில் விட்டால், அடித்தவன் யார், விழுந்தவன் யார் என்றே புரியாது.

நம்மூருக்கு ஏற்ற அட்டவணை போடுவது கடினமில்லை. பழைய நருட்டோ 220 எபிசோட். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்றால் 44 வாரம். ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கினால் பிப்ரவரி முடிவில், ஆண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். முதல் 135 எபிசோடில்தான் முக்கியக் கதை. 27 வாரம், அக்டோபர் கடைசி வரை வரும். மே மாத வெயிலில் பிள்ளைகள் வீட்டுக்குள் கிடக்கும்போது கதை சூடாக இருக்கும். மிச்சம் 85இல் பெரும்பகுதி ஃபில்லர், அதாவது முக்கியக் கதையோடு ஒட்டாத இட்டுநிரப்பல். அரையாண்டுத் தேர்வு, பொங்கல் என்று நாலு நாள் விட்டுப்போனாலும் பாதகமில்லை. 12 எபிசோட் தொடர்களை இப்படித் தினமும் போடக் கூடாது, இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும். அவை வாரம் ஒன்றுதான்.

மறுஒளிபரப்பை 8 மணி நேர இடைவெளியில் சுற்றினால் மாலை 5 மணி எபிசோட் இரவு 1க்கும் காலை 9க்கும் வரும். இரண்டும் யாருக்கும் ஆகாது. 6 மணி நேரச் சுற்று என்றால் இரவு 11க்கு ஒரு முறை கிடைக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். மாலை 6 மணிக்கு மேல் புது எபிசோட் வைப்பது வீண். ரிமோட் சீரியலுக்குப் போய்விடும்.

ஒரே படத்துக்குப் பல மொழி ஒலித்தடம் என்ற ஏற்பாடு மட்டும் இந்தப் பகுதிக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூரில் உருது பேசும் வீடுகள் இந்தியில் வைத்துக்கொள்ளலாம், சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கு. தமிழ் வரவில்லை என்றால் முதலில் ரிமோட்டில் ஒலி மாற்றும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மெனுவில் முதன்மை ஒலியைத் தமிழாக வைத்தால் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு மொழிதான் தெரிகிறதா? அப்படியானால் கோளாறு பாக்ஸில் இல்லை. கண்ட்ரோல் ரூமில் ஒரு தடத்தை மட்டும் விட்டிருப்பார்கள். கேபிள்காரரிடம் "தமிழ் ஆடியோ தடத்தையும் சேர்த்து விடுங்க அண்ணே" என்று சேனல் எண்ணோடு சொல்லுங்கள். "சேனல் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பாக்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

பென் டிரைவில் பதிவு செய்யும் வசதி இருந்தால், குறித்த நேரத்துக்கு 3 நிமிடம் முன்னும் 5 நிமிடம் பின்னும் சேர்த்து வையுங்கள். ஒளிபரப்பு நேரம் அவ்வளவு தள்ளாடுகிறது.